முட்டைக்கு முகவரி உண்டா?

ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஒவ்வொரு முட்டைக்கும் முகவரி இருந்தது. எந்தக் கோழி இட்டது, எந்த மூலையில் இட்டது, எத்தனை நாள் ஆச்சு என்று வீட்டிலிருக்கும் ஆத்தாவுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் கூமுட்டை, தூக்கி எறி. மூழ்கினால் அவித்துச் சாப்பிடு. அவ்வளவுதான் பரிசோதனை.

இன்று நாகர்கோவில் கடையில் வாங்கும் முட்டை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தது. நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு பண்ணையில் இட்ட முட்டை, அட்டைக்கு 30 வீதம் அடுக்கப்பட்டு, லாரி ஏறி, மதுரை, திருநெல்வேலி தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மாவட்டத்துக்குள் நுழைகிறது. அது கிழக்கு வாசல். மேற்கு வாசலான களியக்காவிளை வழியாக வேறொன்று வந்தது. ஷவர்மா, அல்ஃபாம், குழிமந்தி... கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக மயோனைஸ்! கிழக்கிலிருந்து வந்த முட்டையும் மேற்கிலிருந்து வந்த ருசியும் சந்தித்துக் கொண்ட இடம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் சாலையோரக் கடைகள்.

அந்தச் சந்திப்பு 2025 ஏப்ரலில் அரசாணை வரை போனது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவோ, சேமிக்கவோ, விற்கவோ கூடாது என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சின்னக் கிண்ணத்துக்கு இவ்வளவு பெரிய ஆணையா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிப்பதற்கு முன்னால் அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் நூறாண்டுக் கதையைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

கூமுட்டை அல்லாத கெட்ட முட்டை

கதையின் வில்லன் பெயர் சால்மோனெல்லா. 1885-ல் அமெரிக்காவில் பன்றிகளுக்கு வந்த நோயை ஆராய்ந்தபோது தியோபால்ட் ஸ்மித் என்பவர் இவ்வகைக் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் பெயர் கிடைத்ததோ அவருடைய மேலதிகாரியான கால்நடை மருத்துவர் டேனியல் எல்மர் சால்மனுக்கு! (உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் ஒருவர். அலுவலகங்களில் அன்றும் இதே கதைதான்.) மூன்றாண்டு கழித்து 1888-ல் ஜெர்மனியின் ஃபிராங்கன்ஹவுசன் என்ற ஊரில் நோயுற்ற மாட்டின் இறைச்சியைத் தின்றவர்கள் வரிசையாகப் படுத்தார்கள். ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் கார்ட்னர் என்ற மருத்துவர் அந்த இறைச்சியிலும் இறந்தவரின் உடலிலும் ஒரே கிருமியைக் கண்டுபிடித்தார். அந்த வகைக்குத்தான் பின்னாளில் 'சால்மோனெல்லா என்டரிடிடிஸ்' என்று பெயர் வந்தது. முட்டைக் கதையில் முக்கியக் குற்றவாளி இதுவே.

இந்தக் கிருமி பட்ட முட்டை கூமுட்டை ஆகாது. நாறாது. தண்ணீரில் போட்டால் மிதக்காது. உடைத்தால் மஞ்சளும் வெள்ளையும் அழகாகத்தான் இருக்கும். ஆத்தாவின் பரிசோதனை கெட்டுப்போன முட்டையைக் கண்டுபிடிக்கும். கிருமியுள்ள முட்டையைக் கண்டுபிடிக்காது.

சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து விடுவார்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். கிருமி இரத்தத்தில் கலந்து விட்டால் உயிருக்கே உலை.

சுத்தமான முட்டை குற்றவாளியான கதை

நெடுங்காலமாக அறிவியலாளர்கள் நினைத்தது என்ன? ஓட்டின் மேல் கோழி எச்சம் ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. விரிசல் விட்ட முட்டையை ஒதுக்கினால் போதும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவி, தரம் பிரித்து விற்கும் முறையும் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் இருந்தார்கள்.

1980களில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் என்டரிடிடிஸ் நோயாளிகள் ஏறிக்கொண்டே போனார்கள். 1985 ஜனவரி முதல் 1987 மே வரை அங்கே 65 நோய்த்தொற்றுச் சம்பவங்கள். 2,119 பேர் பாதிப்பு. 11 பேர் மரணம். எந்த உணவால் வந்தது என்று 35 சம்பவங்களில் கண்டுபிடிக்க முடிந்தது. அதில் 27, அதாவது 77 சதவீதம், முதல் தர முட்டையோ அது சேர்ந்த உணவோதான்! கழுவி, தரம் பார்த்து, விரிசலில்லாமல் விற்ற முட்டை. 1988-ல் இது வெளியானபோது முட்டை உலகமே அதிர்ந்தது.

எப்படி நடந்தது? கிருமி ஓட்டைத் துளைத்து உள்ளே போகவில்லை. ஓடு உருவாவதற்கு முன்பே உள்ளே இருந்தது. கோழியின் சினைப்பையிலேயே குடியேறி, முட்டை உருவாகும்போதே அதற்குள் புகுந்து கொள்கிறது. கோழிக்கு நோயே தெரியாது. மேயும், கொக்கரிக்கும், முட்டையிடும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதற்கு முன்பு கோழிக்குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வேறு இரண்டு சால்மோனெல்லா வகைகளை, இரத்தப் பரிசோதனை செய்து, நோயுற்ற கோழிகளைக் கழித்துக் கழித்து மேலைநாடுகள் ஏறக்குறைய ஒழித்திருந்தன. அவை காலி செய்த இடத்தில்தான் என்டரிடிடிஸ் வந்து உட்கார்ந்தது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். கோழியைக் கொல்லும் கிருமி போய், கோழியை விட்டுவிட்டு மனிதனைப் பிடிக்கும் கிருமி வந்தது!

துப்பறியும் முறை

எந்த உணவு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதற்குப் பூதக்கண்ணாடியை விடப் பேனாவும் தாளும்தான் அதிகம் தேவை. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்ட பலருக்கு உடம்பு சரியில்லை என்று வைத்துக் கொள்வோம். படுத்தவர்களிடம் மட்டும் "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் எல்லோரும் சோறு, சாம்பார், பாயசம் என்பார்கள். உடனே சாம்பாரைப் பிடித்து உள்ளே போட முடியுமா? படுக்காதவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். சாம்பார் இரு தரப்பும் சாப்பிட்டிருந்தால் அது நிரபராதி. ஒரு குறிப்பிட்ட பதார்த்தத்தைப் படுத்தவர்களில் பெரும்பாலோரும், நலமாக இருப்பவர்களில் மிகச் சிலரும் சாப்பிட்டிருந்தால் சந்தேகம் அதன்மேல். 1854-ல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்நோ வீடு வீடாகப் போய், எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டு, பிராட் தெருக் குழாயைக் கண்டுபிடித்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.

இது முதல் படி. இரண்டாம் படி ஆய்வகம்: நோயாளிகளின் மலத்தில் உள்ள கிருமியும் உணவில் உள்ள கிருமியும் ஒரே குடும்பமா என்று பார்ப்பது. இன்று கிருமியின் முழு மரபணு வரிசையையே படித்து ஒப்பிடுகிறார்கள்.

மூன்றாம் படிதான் சுவாரஸ்யமானது. அந்த உணவு எங்கிருந்து வந்தது? கடைக்காரர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார், எந்தத் தேதி, எந்த லாரி, எந்தப் பண்ணை? இங்கே மருத்துவர் பின்னால் நிற்க, கணக்கர் முன்னால் வருகிறார். பில், கொள்முதல் பதிவேடு, சரக்கு இருப்புக் கணக்கு, டெலிவரி சலான்... வணிகவியல் வகுப்பில் கொட்டாவி விட வைக்கும் இந்தச் சங்கதிகள்தான் உயிர் காக்கும் ஆவணங்கள். கணக்கு இருந்தால் பண்ணை வரை போகலாம். கணக்கு இல்லையென்றால் கடையோடு விசாரணை முடிந்தது.

ஒரு வாக்கியம், ஒரு பதவி

பிரிட்டனில் 1988-ல் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையிலேயே நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகிப் படுத்தார்கள். குற்றவாளி? பச்சை முட்டையில் செய்த மயோனைஸ்! நாகர்கோவில் கிண்ணத்தின் மூத்த சகோதரன்.

அதே ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். விற்பனை படுத்துவிட்டது. பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டே வாரத்தில், டிசம்பர் 16-ல் அவர் பதவி விலகினார். 'பெரும்பகுதி' என்றது மிகை என்பது உண்மை. ஆனால் பிரச்சினை இருந்ததும் உண்மை. அவர் போனார், கிருமி போகவில்லை. அடுத்த ஆண்டே கட்டாயப் பரிசோதனை வந்தது. கிருமி கண்ட பண்ணைகளில் இலட்சக்கணக்கான கோழிகள் கொல்லப்பட்டன. அதுவும் போதவில்லை.

தீர்வு வந்தது 1998-ல். பிரிட்டன் முட்டைத் தொழில் தானே முன்வந்து கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டது. ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் சிவப்புச் சிங்க முத்திரை, பண்ணைக் குறியீடு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்ற விவரம். முட்டைக்கு முகவரி திரும்பக் கிடைத்தது! நோயாளிகள் எண்ணிக்கை மளமளவெனச் சரிந்தது. 2017 அக்டோபரில், சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் அரை வேக்காட்டிலும் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை அறிவித்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின அந்த ஒரு அறிவிப்புக்கு.

லாரியில் ஏறிய கிருமி

1994-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு விநோத வழக்கு. ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்களுக்கு என்டரிடிடிஸ். அந்த ஐஸ்கிரீம் கலவை கிருமி நீக்கம் செய்யப்பட்டது. எந்தத் தப்பும் இல்லை. பிறகு எப்படி? ஆலையின் கணக்குகளைப் புரட்டினார்கள். கலவையை ஏற்றி வந்த டேங்கர் லாரிகள் அதற்கு முன் எதை ஏற்றின என்று பார்த்தார்கள். பச்சை முட்டைத் திரவம்! சரியாகக் கழுவாத லாரியில் மிச்சம் இருந்த கிருமி ஐஸ்கிரீமில் குடியேறிவிட்டது. நாடு முழுவதும் சுமார் 2,24,000 பேர் நோயுற்றிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கண்டுபிடிக்க உதவியது லாரியின் பயணப் பதிவு.

55 கோடி முட்டை திரும்பி வந்தது

2010 மே மாதத்திலிருந்து அமெரிக்கா முழுவதும் ஒரே வகை என்டரிடிடிஸ் வழக்கத்தை விடப் பல மடங்கு ஏறியது. உணவகங்களில் சாப்பிட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள். பல இடங்களில் பொதுவாக இருந்தது முட்டை. பில்களைப் பிடித்துக் கொண்டு பின்னோக்கிப் போனார்கள். வெவ்வேறு மாநிலங்களின் வெவ்வேறு உணவகங்கள்... எல்லாக் கோடுகளும் அயோவா மாநிலத்தில் போய் முட்டின. ரைட் கவுண்டி எக் என்ற பெரும் பண்ணை. அதைத் தொடர்ந்து ஹில்லண்டேல் ஃபார்ம்ஸ்.

ஆகஸ்ட் மாதம் இரு நிறுவனங்களும் சேர்ந்து 50 கோடிக்கும் மேல், ஏறத்தாழ 55 கோடி முட்டைகளைத் திரும்பப் பெற்றன. பெட்டியின் மேல் ஆலை எண்ணும், ஆண்டின் எத்தனையாவது நாள் அடைக்கப்பட்டது என்ற எண்ணும் இருந்ததால்தான் எதை எறிய வேண்டும், எதை வைத்துக் கொள்ளலாம் என்று வீட்டிலிருப்பவர்களுக்கே தெரிந்தது. அந்தத் தொற்றில் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 1,939 பேர். பண்ணையை ஆய்வு செய்த அதிகாரிகள் கண்டது: 8 அடி உயரத்துக்குக் கோழி எச்சம், எலிகள், ஈக்கள்.

பின்னர் நடந்த வழக்கில் இன்னொன்றும் வெளிவந்தது. அந்த நிறுவனம் முட்டைகளில் போலித் தேதி போட்டு விற்றிருந்தது! ஆய்வாளருக்கு லஞ்சம் கொடுத்ததையும் ஒப்புக் கொண்டது. 2015-ல் உரிமையாளர் டிகோஸ்டருக்கும் அவர் மகனுக்கும் தலா 3 மாதச் சிறை, நிறுவனத்துக்கு 67.9 இலட்சம் டாலர் அபராதம். பொய்க் கணக்கு என்பது வரி ஏய்ப்பு மட்டும் இல்லை, நோய்க்குக் கதவு திறப்பதும்தான் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

சத்துணவு முட்டையின் முத்திரை

இனி நம் பக்கம். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதே 1982-ல்தான் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் தோன்றியது. இடைத்தரகர் சொன்னதே விலை என்றிருந்த நிலையை மாற்றி, பண்ணையாளர்களே விலை அறிவிக்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998-ல் வாரம் ஒன்று, 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து. நாமக்கல்லின் வளர்ச்சிக்குப் பின்னால் பள்ளிக்கூடத் தட்டுகளுக்கும் ஒரு பங்குண்டு. பல ஏழைக் குழந்தைகளுக்கு அந்த முட்டைதான் வாரம் முழுவதும் கிடைக்கும் நல்ல புரதம். ஆகவே, "முட்டையே ஆபத்து" என்று பீதி கிளப்புவது பாவம். அந்த முட்டை நன்றாக அவித்த முட்டை. அவித்த முட்டையில் சால்மோனெல்லா பிழைக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சத்துணவு முட்டையில் அரசு முத்திரை குத்துகிறார்கள். எதற்கு? வெளிச்சந்தையில் திருட்டுத்தனமாக விற்காமல் இருப்பதற்கு. 2024 செப்டம்பரில் திருச்சி மாவட்டம் துறையூரில் ஓர் உணவகத்தில் முத்திரை குத்திய முட்டைகள் சிக்கியபோது, அவை எங்கிருந்து வந்தவை என்று அந்த மைதான் காட்டிக் கொடுத்தது. திருட்டைப் பிடிக்க முட்டைக்கு முகவரி எழுத முடிகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2004 முதல் ஒவ்வொரு முட்டையிலும் நாடு, பண்ணை, வளர்ப்பு முறை குறியீடாக அச்சிடப்படுகிறது. நம்மூர்க் கடையில் அட்டையில் அடுக்கி விற்கும் முட்டையின் ஓட்டிலோ பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

2022 முதல் 2025 வரை

2022 மே 1. கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். பலர் மருத்துவமனையில். நோயாளிகளிடம் ஷிகெல்லா என்ற கிருமி கிடைத்தது. கடையில் எடுத்த மாதிரிகளில் ஷிகெல்லாவோடு சால்மோனெல்லாவும் இருந்தது.

2023 ஜனவரியில் கோட்டயத்தில் ஒரு செவிலியர் அல்ஃபாம் சாப்பிட்ட பின் இறந்தார். அந்த மாதமே கேரள அரசு பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. பார்சல் உணவில் எத்தனை மணிக்குச் செய்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2023 செப்டம்பரில் துயரம் தமிழகத்துக்கு வந்தது. அதுவும் எங்கே? முட்டை நகரமான நாமக்கல்லிலேயே. ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். 40 பேருக்கு மேல் பாதிப்பு. 2024 மே மாதம் திருச்சூர் மாவட்டம் பெரிஞ்ஞனத்தில் குழிமந்தி சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். ஒரு பெண் இறந்தார். மயோனைஸ் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அக்டோபர் இறுதியில் தெலுங்கானா தடை போட்டது. 2025 ஏப்ரலில் தமிழகம்.

இவை எல்லாமே முட்டையால் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. வேகாத இறைச்சி, சுத்தமில்லாத கை, கெட்ட தண்ணீர் எதுவும் காரணமாகலாம். ஆனால் பச்சை முட்டை மயோனைஸில் ஆபத்துகள் வரிசை கட்டி நிற்கின்றன. பல முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்து அடிக்கிறார்கள். அமெரிக்காவில் 20,000 முட்டையில் ஒன்றுதான் உள்ளே கிருமி உள்ளது என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்த ஒன்று தனியாக ஆம்லெட் ஆனால் ஒருவர் பாடு. அதுவே பெரிய கலவையில் விழுந்தால் அன்றைக்கு வந்த அத்தனை வாடிக்கையாளர் பாடு! அதன் பின் அடுப்பு என்ற காவல்காரனே கிடையாது. நம்மூர் வெயிலில் மாலை முதல் நள்ளிரவு வரை வெளியே வைத்திருந்தால் கிருமிகள் பல மடங்கு பெருகும்.

தடை ஏன் ஓராண்டு மட்டும்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 30-வது பிரிவு, மக்கள் நலன் கருதி ஓர் உணவைத் தடை செய்ய மாநில ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மிகாமல். குட்கா தடையை ஆண்டுதோறும் நீட்டித்ததும் இந்தப் பிரிவின்படிதான்.

நாகர்கோவிலில் நடந்தால்?

நாளைக்கே மாவட்டத்தில் ஒரு கடையில் சாப்பிட்ட இருபது பேர் படுத்தால் என்ன நடக்கும்? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சிலர் போவார்கள். சிலர் தனியார் மருத்துவமனைக்கு. சிலர் மேற்கே திருவனந்தபுரத்துக்கே போய்விடுவார்கள். எல்லை மாவட்டத்தின் முதல் சிக்கல் இதுதான். ஒரே கடையில் சாப்பிட்டவர்கள் இரண்டு மாநிலக் கணக்கில் பிரிந்து போனால், இருபது பேர் என்பது எந்தப் பக்கத்துக்கும் தெரியாது.

2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் மாவட்டப் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்கள் கடைக்குப் போய் மாதிரி எடுக்க வேண்டும். மருத்துவர் மருந்து கொடுக்கும் முன்பே மலமாதிரி எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் விழுந்த பிறகு எடுத்தால் கிருமி சிக்குவது கடினம். கடைக்காரர் பயத்தில் மிச்சத்தைக் கொட்டிக் கழுவி விட்டால் தடயமும் போச்சு.

எல்லாம் சரியாக நடந்து, முட்டைதான் என்றே தெரிந்து விட்டது. அடுத்து? "எங்க வாங்கினீங்க?" "மொத்தக் கடையில." "பில்?" மௌனம். புது முட்டைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி இல்லாத சரக்குக்குப் பில் கேட்டு யாரும் மல்லுக்கட்டுவதில்லை. மொத்தக் கடையிலோ மூன்று பண்ணை முட்டை ஒரே அட்டையில் கலந்திருக்கும். நாமக்கல் பண்ணைகளைத் திரும்பிப் பார்க்க எந்த நூலும் மிஞ்சாது. அதனால்தான் செறுவத்தூரிலும் நாமக்கல்லிலும் கைதானவர்கள் கடையை நடத்தியவர்களும் சமைத்தவர்களும். அவர்கள் தவறு செய்திருந்தால் தண்டனை வேண்டியதுதான். பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்கிறது சட்டம். ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் இழுத்துக் கொண்டிருந்தால் முதல் கண்ணி அப்படியேதான் இருக்கும்.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்த காலங்களில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளைத் தடுத்தார்கள், சக்கரங்களுக்கு மருந்து தெளித்தார்கள். அங்கே அது பயன்படும். செத்து விழும் கோழி நோயைக் காட்டிக் கொடுக்கிறது. சால்மோனெல்லாக் கோழி எதையும் காட்டாது. அதைச் சாவடியில் பிடிக்க முடியாது. பதிவேட்டில்தான் பிடிக்க முடியும்.

என்ன செய்யலாம்?

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேகவைக்க வேண்டும். விரிசல் விட்ட முட்டையைத் தவிர்க்க வேண்டும். பச்சை முட்டை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குடிநீரைக்கூடச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கும் பழக்கம் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. தண்ணீருக்குக் காட்டும் அந்த மரியாதையை முட்டைக்கும் காட்டினால் போதும்.

கடைக்காரருக்கு வழி இருக்கிறது. முட்டையில்லா மயோனைஸ் இருக்கிறது. வெப்பத்தால் கிருமி நீக்கிய முட்டையில் செய்ததும் இருக்கிறது. முட்டை வாங்கும்போது தேதி போட்டு ஒரு பில், எந்தப் பண்ணை என்று ஒரு வரி. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கும் செலவுதான். நாளைக்குப் பழி வந்தால் அந்தப் புத்தகம்தான் அவருக்கே சாட்சி.

அரசுக்கும் தொழிலுக்கும் இருப்பது பெரிய வேலை. தடுப்பூசி, பண்ணைப் பரிசோதனை, ஓட்டின் மேல் ஒரு குறியீடு. இதனால் விலை சில காசுகள் ஏறும் என்பார்கள். ஏறட்டும். 2010-ல் அமெரிக்கா 55 கோடி முட்டையை இழந்தபோதும், 1988-ல் பிரிட்டன் பண்ணைகள் படுத்தபோதும் போன காசு அதைவிட மிக மிக அதிகம். பீதி வரும்போது நல்ல பண்ணைக்காரரும் கெட்ட பண்ணைக்காரரோடு சேர்ந்து அடி வாங்குகிறார். யார் நல்லவர் என்று பிரித்துச் சொல்ல முட்டையில் முகவரி இல்லையே!

செறுவத்தூர் மாணவிக்கு 16 வயது. நாமக்கல் சிறுமிக்கு 14. இருவரும் கடையில் ஆசையாக ஏதோ வாங்கிச் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அடுத்த முறை கடையில் முட்டை அட்டை வாங்கும்போது, "இது எந்தப் பண்ணை முட்டை அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அண்ணாச்சி ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்தக் கடையில் கேட்பார். மொத்தக் கடைக்காரர் லாரிக்காரரிடம் கேட்பார். அந்தக் கேள்வி ஆரல்வாய்மொழி தாண்டி ஒருநாள் நாமக்கல் போய்ச் சேரும்.